வர்ஜீனியாவின் கார்ட்டர்கள்: ஒரு பண்ணையார் குடும்பம் எப்படி உருவானது?

1732 ஆகஸ்ட் 4 அன்று, வர்ஜீனியாவில் ராப்பஹானக் ஆற்றங்கரையில் கோரோட்டோமன் என்ற பண்ணையில் ராபர்ட் கார்ட்டர் இறந்தார். அப்போது வர்ஜீனியா இங்கிலாந்து அரசரின் ஆளுகையில் இருந்த ஒரு காலனி. அமெரிக்கா என்ற நாடு பிறக்க இன்னும் 44 ஆண்டுகள் இருந்தன. கார்ட்டர் விட்டுச்சென்ற நிலம் சுமார் 3 லட்சம் ஏக்கர். சொத்துக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு பண்ணையாகப் போய் மாடு, பன்றி, மண்வெட்டி, கட்டில், பாத்திரம் என்று எழுதினார்கள். அதே தாள்களில் மனிதர்களின் பெயர்களையும் எழுதினார்கள். அப்படி எழுதப்பட்டவர்கள் எழுநூறுக்கும் மேல். அவர் உயிரோடு இருந்தபோதே ஊரார் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கிங்' கார்ட்டர்.

அமெரிக்க வரலாற்றைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு 'பிளாண்டர்' என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு பிளாண்டர். தாமஸ் ஜெஃபர்சன் ஒரு பிளாண்டர். 1600-களின் தொடக்கத்தில், சொந்தமாக நான்கு வரிசை புகையிலை நட்டவரையும் அப்படித்தான் அழைத்தார்கள். நூறு ஆண்டுகள் கழித்து அந்தச் சொல் பெருநிலக்காரர்களுக்கு உரியதாகிவிட்டது: பல பண்ணைகள், அவற்றில் வேலை வாங்க அடிமைகள், மேற்பார்க்கக் கங்காணிகள், ஊரில் பதவி, லண்டனில் கணக்கு. இந்தக் கட்டுரையில் அவர்களைப் பண்ணையார் என்றே எழுதுகிறேன்.

இவர்களைப் புரிந்துகொள்ள வயலிலிருந்து தொடங்குவதைவிடக் குடும்பத்திலிருந்து தொடங்குவதே நல்லது என்று நான் நினைக்கிறேன். நிலம் கைமாறியதும் கடன் கிடைத்ததும் பதவி வந்ததும் எல்லாம் திருமணம், உயில், சம்பந்தம் ஆகியவற்றின் வழியாகவே. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பண்ணையாரின் வீட்டில் நடந்த ஒவ்வொரு திருமணமும் ஒவ்வொரு சாவும், அவருடைய அடிமைக் குடியிருப்புகளில் வாழ்ந்த வேறு பல குடும்பங்களைச் சேர்த்தன அல்லது பிரித்தன. பண்ணையாரின் குடும்ப வரலாற்றை எழுதும்போது அந்தக் குடும்பங்களை விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும். கார்ட்டர் குடும்பத்தை நான் எடுத்துக்கொள்வதற்கு, இரண்டு பாதிகளுக்குமே ஆவணங்கள் இருப்பது முக்கியக் காரணம்.

லண்டனிலிருந்து வந்தவர்

ராபர்ட்டின் தந்தை ஜான் கார்ட்டர் 1635-ஐ ஒட்டி லண்டனிலிருந்து வர்ஜீனியா வந்தார். அந்தக் காலத்தில் அங்கே நிலம் சேர்க்க ஒரு நேர்வழி இருந்தது. கடல் கடந்து ஓர் ஆளைக் காலனிக்குக் கொண்டுவருவதற்கு யார் பணம் கட்டுகிறாரோ, அவருக்கு ஆள் ஒன்றுக்கு 50 ஏக்கர் கொடுத்தார்கள். வருகிற ஆள் பெரும்பாலும் ஒப்பந்த வேலையாள். பயணச் செலவுக்கு ஈடாகச் சில ஆண்டுகள் கூலியில்லாமல் உழைக்க வேண்டியவர். ஆளை வரவழைத்தவருக்கு அவருடைய உழைப்பும் கிடைத்தது, நிலமும் கிடைத்தது. முதல் போட்டவர்கள் வேகமாக வளர்ந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம். அந்த 50 ஏக்கர்கள் முன்பு அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களுடையவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஜான் கார்ட்டர் ஐந்து முறை திருமணம் செய்தார். இன்று கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். அந்த மண்ணில் அது அரிதல்ல. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பிரசவம் என்று சாவு எல்லா வீட்டிலும் இருந்தது. மனைவியை இழந்த கணவர் மறுமணம் செய்வார். கணவரை இழந்த பெண் தன் பங்குச் சொத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவார். சட்டப்படி, விதவைக்குக் கணவரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வாழ்நாள் அனுபவ உரிமையாக உண்டு. அவர் மறுபடி மணந்தால் அந்தப் பங்கின் நிர்வாகம் புதுக் கணவரின் கைக்கு வந்துவிடும். எனவே விதவைகளுக்கு எப்போதும் வரன்கள் இருந்தன. ஒரே கூரையின் கீழ் மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை, முந்தைய கணவரின் பிள்ளை என்று கலந்து வளர்வது சாதாரணம்.

நான்காவது மனைவி சாரா லட்லோவுக்கு 1663 வாக்கில் பிறந்தவர்தான் நம் ராபர்ட். அவர் சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தந்தையின் உயிலில் ஒரு குறிப்பு இருக்கிறது: பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க, லத்தீன் பள்ளியில் படித்த ஓர் ஒப்பந்த வேலையாளை வாங்க வேண்டும். ஆசிரியரையும் விலை கொடுத்து வாங்கிய சமூகம் அது. பிறகு ராபர்ட் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு ஆறு ஆண்டுகள் அங்கே படித்தார், ஒரு வணிகர் வீட்டில் தங்கியபடி. புகையிலை வியாபாரத்தின் நெளிவுசுளிவு அந்த வீட்டில்தான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

சொத்தின் பெரும்பகுதி முதலில் மூத்தாள் மகனான அண்ணன் ஜானுக்குப் போனது. 1690-இல் அண்ணன் இறந்தார். இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த ராபர்ட், குடும்பத்தின் தலைவர் ஆனார்.

புகையிலைக் கணக்கு

இனி கொஞ்சம் வயலுக்குப் போவோம், ஏனென்றால் இந்தச் செல்வம் முழுவதும் ஓர் இலையிலிருந்து வந்தது.

குளிர்காலக் கடைசியில் நாற்றங்கால் போடுவார்கள். மே மாதம் மழை பெய்த ஈரத்தில் நாற்றைப் பிடுங்கி, கூட்டிவைத்த மண்மேடுகளில் நடுவார்கள். பிறகு களைவெட்டு. செடி வளர்ந்ததும் நுனி கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் பூத்துவிடும். நுனி கிள்ளினால் பக்கத்தில் சிம்பு வெடிக்கும், அதையும் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். புழுக்களைக் கையால் பொறுக்க வேண்டும். கோடைக் கடைசியில் அறுவடை. வெட்டிய செடிகளைக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். இலையைப் பிரித்துக் கட்டி, சுமார் 450 கிலோ கொள்ளும் பெரிய மரப் பீப்பாய்களில் திணித்து அழுத்துவார்கள். ஓர் ஆண்டுப் பயிர் கப்பல் ஏறுவதற்குள் அடுத்த ஆண்டின் நாற்றங்கால் தொடங்கிவிடும். ஓயாத கைவேலை. இயந்திரம் எதுவும் உதவாது.

நிலத்தையும் அது சும்மா விடாது. மூன்று நான்கு போகத்தில் மண் களைத்துவிடும். பிறகு அதை இருபது ஆண்டுகள் போலத் தரிசாகப் போட வேண்டும். இன்று நட்ட நிலத்தைவிடப் பல மடங்கு நிலம் கையிருப்பில் இல்லாதவர் பேரப்பிள்ளைகள் காலம் வரை புகையிலை பயிரிட முடியாது. பண்ணையார்களின் அடங்காத நிலப்பசிக்கு இது ஒரு காரணம்.

இங்கிலாந்தின் கப்பல் சட்டங்கள் புகையிலையை வேறு நாட்டுக்கு நேரடியாக விற்கத் தடை போட்டிருந்தன. கார்ட்டர் போன்ற பெரியவர்கள் தங்கள் படகுத்துறையிலேயே பீப்பாய்களை ஏற்றி லண்டன் வணிகருக்கு அனுப்புவார்கள். விற்றுக் கொடுப்பது வணிகரின் வேலை. விற்ற பணத்தில் கப்பல் கூலி, சுங்கம், கமிஷன் கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் வரவு வைப்பார். அந்தக் கணக்கிலிருந்துதான் துணி, ஆணி, ஒயின், புத்தகம், பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம் போகும். விலை விழுந்த ஆண்டில் வரவு குறையும், செலவு குறையாது. அப்படித்தான் பல பண்ணையார்கள் பரம்பரைக் கடனாளிகள் ஆனார்கள். பெரிய மாளிகையில் இருந்தவர் எல்லாம் கையில் ரொக்கம் வைத்திருந்தார் என்று நினைக்கக் கூடாது. ராபர்ட் கார்ட்டர் விதிவிலக்கு. அவர் இறந்தபோது லண்டன் பத்திரிகையில் வந்த செய்தி, நிலத்தோடும் அடிமைகளோடும் 10,000 பவுண்டு பணமும் விட்டுச்சென்றதாகச் சொன்னது.

பதவி நிலமாக மாறிய விதம்

அந்த அளவு எப்படிச் சேர்ந்தது? புகையிலை மட்டும் அதைச் செய்திருக்க முடியாது.

பொட்டோமாக், ராப்பஹானக் என்ற இரு ஆறுகளுக்கு இடையே உள்ள நிலப்பரப்பு 'நார்தர்ன் நெக்'. அதன் உரிமை இங்கிலாந்தில் இருந்த ஃபேர்ஃபேக்ஸ் பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. அங்கே யார் நிலம் வாங்க வேண்டுமானாலும் அந்தக் குடும்பத்தின் முகவரிடம்தான் பட்டா பெற வேண்டும். 1702 முதல் 1711 வரையும், பிறகு 1722 முதல் இறக்கும் வரையும் அந்த முகவர் ராபர்ட் கார்ட்டர். தன் பிள்ளைகள் பெயரிலும் பேரன்கள் பெயரிலும் அவர் பெரும்பரப்புகளுக்குப் பட்டா எழுதினார். பட்டா கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே வீடு. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டும் எழுத்துகள் உண்டு. பிறர் சொத்தைக் காக்கப் பொறுப்பேற்றவர் அதைத் தன் வீட்டுக்குள் கொண்டுபோனார் என்பதே எனக்குத் தெரிகிறது. அவர் இறந்த செய்தியில் இருந்த பணக்கணக்கைப் படித்த பிறகே ஃபேர்ஃபேக்ஸ் பிரபு விழித்துக்கொண்டு, முகவர் பொறுப்பைத் தன் சொந்த உறவினரிடம் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

மற்றப் பதவிகளும் வந்தன. சட்டமன்றத்தின் சபாநாயகர், காலனியின் பொருளாளர், ஆளுநர் ஆலோசனைக் குழுவின் உறுப்பினர். 1726-இல் ஆளுநர் இறந்தபோது, குழுவின் மூத்தவர் என்ற முறையில் ஓராண்டு தற்காலிக ஆளுநராகவும் இருந்தார். இந்தப் பதவிகளை வகித்தவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி. மாவட்ட நீதிபதியும் தேவாலய நிர்வாகியும் படைத்தலைவரும் அதே வட்டத்தில்தான் இருந்தார்கள்.

கார்ட்டரின் திருமணங்களும் இதற்குள்தான் வருகின்றன. 1688-இல் ஜூடித் ஆர்மிஸ்டெட்டை மணந்தார். 1699-இல் அவர் இறந்தார். 1701-இல் எலிசபெத் லாண்டன் என்ற விதவையை மணந்தார், அவரும் 1719-இல் இறந்தார். இரு மனைவியருக்குமாகப் பிறந்த பிள்ளைகள் பதினைந்து பேர் அளவில். சிலர் குழந்தையிலேயே போனார்கள். பிழைத்தவர்களின் திருமணங்கள் வர்ஜீனியாவின் பெரிய வீடுகளை எல்லாம் ஒன்றாகத் தைத்தன. மூத்த மகன் ஜான், ஷர்லி பண்ணையின் வாரிசான எலிசபெத் ஹில்லை மணந்தார். மகள் ஜூடித் பேஜ் வீட்டுக்கும், எலிசபெத் பர்வெல் வீட்டுக்கும், ஆன் ஹாரிசன் வீட்டுக்கும் போனார்கள். ஆன் வழியில் இரண்டு அமெரிக்க ஜனாதிபதிகள் வந்தார்கள்: வில்லியம் ஹென்றி ஹாரிசனும் பெஞ்சமின் ஹாரிசனும். ஷர்லி வழியில் வந்தவர், உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தளபதியாக இருந்த ராபர்ட் இ. லீ.

மகள்களுக்குப் பெரும்பாலும் பணமும் அடிமைகளும் சீதனமாகப் போயின, மகன்களுக்கு நிலம். நிலத்தை எந்த வாரிசும் விற்கவோ துண்டாடவோ முடியாதபடி தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போடும் ஓர் ஏற்பாடு ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது. பெற்றவருக்கு அனுபவிக்கும் உரிமை உண்டு, அழிக்கும் உரிமை இல்லை. சூதாடி மகன் ஒருவனால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். ஜெஃபர்சனின் முயற்சியால் வர்ஜீனியா 1776-இல்தான் இதை ஒழித்தது.

அதே தாள்களில் இருந்த மற்றக் குடும்பங்கள்

சொத்துக் கணக்கில் எழுதப்பட்ட அந்த எழுநூறு பேரிடம் இப்போது வருவோம். அவர்களைப் பற்றி எழுதும்போது சட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1662-இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஒரு விதி செய்தது: பிறக்கும் குழந்தை சுதந்திரமானதா அடிமையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. ஆங்கிலேயர் வழக்கில் பிள்ளை தந்தை வழி. அதைத் தலைகீழாக்கினார்கள். விளைவுகள் இரண்டு. அடிமைப் பெண் பெறும் ஒவ்வொரு குழந்தையும் உடைமையாளரின் சொத்தாகப் பிறந்தது. உடைமையாளரே தந்தையாக இருந்தாலும் அந்தக் குழந்தைக்கு அவரிடம் எந்த உரிமையும் இல்லாமல் போனது. ஒரு பெண்ணின் கருப்பை இன்னொருவருடைய சொத்துப் பெருக்கத்துக்கு வழியானது இந்த ஒரு வரியால்தான். 1705-இன் சட்டம், வாரிசு உரிமைக்கு அடிமைகளை நிலத்தைப் போன்ற அசையாச் சொத்தாகவே கருதியது. நிலத்தைக் கட்டிப்போட்டது போல மனிதர்களையும் வாரிசு வழியில் கட்டிப்போட முடிந்தது.

கார்ட்டர் தாமே அடிமைக் கப்பல்களில் வந்தவர்களை கமிஷனுக்கு விற்றுக் கொடுத்தார், தமக்கும் வாங்கினார். புதிதாக வாங்கியவர்களுக்கு அவரே பெயர் வைத்தார். அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி, கூப்பிட்டால் திரும்பும் அளவுக்குப் பழக்கிய பிறகே பண்ணைக்கு அனுப்பியதாகவும், கங்காணிகள் அந்தப் பெயர்களிலேயே கூப்பிட வேண்டும் என்றும் 1727-இல் கடிதம் எழுதினார். பெற்றோர் வைத்த பெயர் கப்பலோடு முடிந்தது.

தப்பி ஓடியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. 1708-இல் லாங்காஸ்டர் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்டார் கார்ட்டர்: பம்பாரா ஹாரி, டைனா என்ற இருவரின் கால்விரல்களை வெட்ட வேண்டும். நீதிமன்றம் கொடுத்தது. 1727-இல் தன் கங்காணிக்கு எழுதிய கடிதத்தில் பலசோர் என்ற ஒருவருக்கும் அதே தண்டனையைச் சொல்லி, இந்த முறையில் பலருடைய ஓட்டத்தை நிறுத்தியிருப்பதாகக் குறிப்பிட்டார். இவர் தேவாலயத்துக்குத் தன் செலவில் கட்டடம் எழுப்பியவர். அந்தக் கிறிஸ்து ஆலயம் லாங்காஸ்டர் மாவட்டத்தில் இன்றும் அழகாக நிற்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் ஹாரி, டைனா என்ற பெயர்களையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் குடும்பம் அமைத்தார்கள். கார்ட்டர் இறந்த பிறகு எடுத்த பட்டியலில் பல இடங்களில் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. சட்டம் அந்தத் திருமணங்களை ஏற்கவில்லை. கணக்கெடுத்தவர்களின் கண்ணுக்கு அவை தெரிந்தே இருந்தன. அந்தக் குடும்பங்களுக்கு ஆபத்தான நேரம், உடைமையாளரின் வீட்டில் ஒருவர் சாகும் நேரம். பங்கு பிரியும்போது அப்பா ஒரு மகனுக்கும் அம்மா ஒரு மருமகனுக்கும் போகலாம். பெரிய வீட்டில் ஒரு மகளுக்குக் கல்யாணம் என்றால், குடியிருப்பில் ஏதோ ஒரு தாய் தன் பெண்ணைப் பிரிய நேரும்.

மகன்களும் பேரனும்

நான்காவது மகன் லாண்டன் கார்ட்டர், சபைன் ஹால் என்ற மாளிகையில் வாழ்ந்தார். மூன்று முறை மணந்து மூன்று மனைவியரையும் இழந்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு, ஒரு பண்ணையாரின் மனதுக்குள் பார்க்க நமக்குக் கிடைத்த மிக நெருக்கமான சாளரம். வானிலை, புழு, வைத்தியம், வயிற்றுவலி, கோபம் எல்லாம் அதில் இருக்கின்றன. கோபத்தில் பெரும்பங்கு ஒரே வீட்டில் வாழ்ந்த மகன் ராபர்ட் வார்ம்லி மீது. மகன் சூதாடுகிறான், மதிக்கவில்லை என்பது தந்தையின் குறை. நடுவயது ஆகியும் தன் கைக்கு எதுவும் வரவில்லை என்பது மகனின் நிலை. சொத்தைச் சாகும்வரை விடாத தந்தையும் அதற்காகக் காத்திருக்கும் மகனும் அந்த வீடுகளில் பலவற்றில் இருந்தார்கள்.

1775 நவம்பரில் அரசரின் ஆளுநர் டன்மோர் ஓர் அறிவிப்பு விட்டார்: கலகம் செய்யும் எஜமானர்களை விட்டு அரசரின் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை. 1776 ஜூனில் சபைன் ஹாலிலிருந்து எட்டுப் பேர் துப்பாக்கியோடு இரவில் கிளம்பிப் போனார்கள். லாண்டன் அதை நன்றிகெட்டதனமாகப் பார்த்தார். அது அவர் கனவுகளில்கூட வந்தது. தன்னைத் தந்தையாகவே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அவர்கள் அப்படி நினைக்கவில்லை என்பது கடைசி வரை புரியவில்லை. 1778-இல் இறந்தார்.

இப்போது 'கிங்' கார்ட்டரின் பேரன். பெயர் இவருக்கும் ராபர்ட் கார்ட்டர்தான். 1728-இல் பிறந்தார். 1732-இல், தாத்தா சாவதற்குச் சில மாதங்கள் முன்பே, தந்தை இறந்தார். நான்கு வயதுப் பிள்ளைக்குச் சித்தப்பா, பெரியப்பாக்கள் காப்பாளர்கள் ஆனார்கள். 21 வயதானதும் 60,000 ஏக்கருக்கு மேல் நிலமும் நூறுக்கு மேற்பட்ட அடிமைகளும் கைக்கு வந்தன. லண்டன் போய் இரண்டு ஆண்டுகள் செலவழித்துத் திரும்பினார். 1754-இல் மேரிலாந்தைச் சேர்ந்த பிரான்சஸ் ஆன் டாஸ்கரை மணந்தார். மாமனார் பெஞ்சமின் டாஸ்கர் அந்தக் காலனியின் ஆளுநர் குழுத் தலைவர், பால்டிமோர் இரும்பாலையின் பங்குதாரர். தாத்தாவின் வழியிலேயே இதுவரை எல்லாம் நடக்கிறது.

வெஸ்ட்மோர்லண்ட் மாவட்டத்தில் இவர்களுடைய வீடு நோமினி ஹால். அதன் அன்றாடம் நமக்குத் தெரியக் காரணம் பிலிப் ஃபிதியன் என்ற இளைஞர். பிரின்ஸ்டனில் படித்துவிட்டு 1773 இலையுதிர் காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்து ஓராண்டு தங்கினார், நாட்குறிப்பு எழுதினார். வீட்டில் 1,500-க்கும் மேற்பட்ட புத்தகங்கள். ஹார்ப்சிகார்ட், பியானோ, கிதார், வயலின், புல்லாங்குழல்கள். கார்ட்டர் தினமும் இசை பழகுகிறவர். நடன ஆசிரியர் பண்ணை பண்ணையாகச் சுற்றி வருவார். அவர் வந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆண்டுக்கு 27,000 பவுண்டு பன்றி இறைச்சி, அதாவது சுமார் 12,000 கிலோ, 20 மாடுகள், 550 புஷல் கோதுமை, 4 பெரும்பீப்பாய் ரம், 150 காலன் பிராந்தி ஆவதாகத் திருமதி கார்ட்டர் அவரிடம் சொன்னார்.

அதே நாட்குறிப்பில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வீட்டு மேசையருகே வேலை செய்யும் சிலர் தவிர, அடிமைகளுக்கு வாரம் ஒன்றுக்குத் தலைக்கு ஒரு பெக் சோளம், ஒரு பவுண்டு இறைச்சி. சுமார் ஒன்பது லிட்டர் சோளமும் அரைக் கிலோவுக்குக் குறைந்த இறைச்சியும். அந்த வட்டாரத்தில் இரக்கமுள்ளவர் என்று பேசப்பட்டவர் கார்ட்டர் என்பதையும் ஃபிதியன் சொல்கிறார். ஒரு அமைப்பின் தரத்தை அளக்க, அதில் நல்லவர் எனப்பட்டவர் என்ன கொடுத்தார் என்று பார்த்தாலே போதும்.

திருமதி கார்ட்டர் ஒருமுறை ஃபிதியனிடம் சொன்னது முக்கியம்: எல்லா அடிமைகளையும் விற்று அந்தப் பணத்தை வட்டிக்கு விட்டால் இப்போதைய வருமானத்தைவிட அதிகம் வரும். 17 பிள்ளைகளைப் பெற்று, அத்தனை பேருக்குமான வீட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டவர் அவர். களைத்த நிலத்தில் புகையிலை இனி கட்டுப்படியாகாது என்பது பண்ணையார் வீடுகளில் தெரிந்தே இருந்தது. கார்ட்டரும் கோதுமைக்கு மாறிக்கொண்டிருந்தார், நெசவுக் கூடமும் வைத்தார். அவருடைய பண்ணைகளுக்கு மேஷம், ரிஷபம், மிதுனம் என்று ராசிகளின் பெயர்கள்.

452 பேர்

1778-இல் கார்ட்டர் பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். காலனியின் பெரிய வீடுகள் எல்லாம் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவை. பாப்டிஸ்ட்கள் ஏழைகளும் அடிமைகளும் கூடும் கூட்டம் என்று கருதப்பட்டார்கள். அங்கே அவர் தம் சொந்த அடிமைகளோடு ஒரே சபையில் உறுப்பினர். வகுப்பைவிட்டு வெளியே வந்த முதல் அடி இதுதான் என்று நினைக்கிறேன். 1787-இல் மனைவி இறந்தார். இளைய மகன்கள் இருவரை வடக்கே, ரோட் ஐலண்டில் இருந்த பாப்டிஸ்ட் கல்லூரிக்கு அனுப்பினார். 21 வயது வரை வர்ஜீனியா திரும்பக் கூடாது என்றார். அடிமைமுறைக்கு நடுவில் வளர்வது பிள்ளைகளையே கெடுக்கிறது என்பது அவர் எண்ணம்.

1782-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் செய்திருந்தது. உடைமையாளர் விரும்பினால் பத்திரம் எழுதித் தம் அடிமைகளை விடுவிக்கலாம். பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவில்லை. அடிமைமுறை தவறு என்று அழகாக எழுதியவர்களும் பயன்படுத்தவில்லை. 1791 செப்டம்பர் 5 அன்று கார்ட்டர் ஒரு தானப் பத்திரத்தை மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். அதில் 452 பேரின் பெயர்கள் இருந்தன. அவர்களை அடிமைகளாக வைத்திருப்பது மதத்துக்கும் நீதிக்கும் மாறானது என்று தாம் சில காலமாகவே உணர்ந்ததாக அதில் எழுதினார். உள்நாட்டுப் போருக்கு முன் ஒரு தனிமனிதர் செய்த மிகப்பெரிய விடுதலைகளில் அது ஒன்று.

ஒரே நாளில் நடக்கவில்லை. ஆண்டுக்கு 15 பேர் என்று முறைவைத்து, பிள்ளைகளில் ஆண்கள் 21 வயதிலும் பெண்கள் 18 வயதிலும் விடுதலை பெறும்படி அமைத்தார். முதியவர்களையும் சிறுவர்களையும் ஆதரவில்லாமல் வெளியே தள்ளக் கூடாது என்று சட்டமும் நிபந்தனை வைத்திருந்தது. இந்தப் படிப்படியான முறையால் பலர் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அப்பா விடுதலையாகி, மகள் அடிமையாகவே தொடர்ந்த வீடுகள் இருந்தன. குறையை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் குடும்பம் சொத்தைக் காக்க வேண்டும் என்ற, தாத்தா காலத்து விதியை ஒரு கார்ட்டர் முறித்தார். விடுவித்தவர்களில் சிலருக்கு நிலத்தையும் குத்தகைக்கு விட்டார். வாரிசுகளும் அக்கம்பக்கத்துப் பண்ணையார்களும் வெறுத்தார்கள். தம் அடிமைகளும் கலங்கிப் போகிறார்கள் என்பது அவர்களின் புகார். 1793-இல் கார்ட்டர் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்தார். விடுதலைச் சீட்டுகளை ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கும் பொறுப்பை பெஞ்சமின் டாசன் என்ற பாப்டிஸ்ட் போதகரிடம் ஒப்படைத்தார். 1804-இல் இறந்தார்.

இரண்டே ஆண்டுகளில் வர்ஜீனியா கதவைச் சாத்தத் தொடங்கியது. 1806-இன் சட்டப்படி, புதிதாக விடுதலை பெறுகிறவர் 12 மாதங்களுக்குள் மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும். கணவனோ மனைவியோ பிள்ளையோ பக்கத்துப் பண்ணையில் அடிமையாக இருந்தால், விடுதலைக்கும் குடும்பத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

கார்ட்டர் தயாரித்த பட்டியலில் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் எந்தப் பண்ணை என்பதும் இருக்கின்றன. இதன் மதிப்பு ஆவணக் காப்பகத்தில் தேடியவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரியும். 1850, 1860 ஆண்டுகளின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். அதில் வயதும் பாலும் நிறமும் உடைமையாளரின் பெயரும் இருக்கும், அவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. கறுப்பின மக்கள் அனைவரையும் பெயரோடு எழுதியது 1870-இன் கணக்கெடுப்புதான். தங்கள் முன்னோரைத் தேடும் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள் பல அந்த ஆண்டில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. நோமினி ஹாலிலிருந்து விடுதலையானவர்களின் வழித்தோன்றல்களுக்கோ, அதற்கு 79 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நீதிமன்ற ஆவணத்தில் தங்கள் பாட்டன் பாட்டிகளின் பெயரைத் தேடிப் படிக்க வழி இருக்கிறது.